உங்கள் வீடு முடிந்துவிட்டது, மாமா!

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் ஒரே மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் இரண்டு அறை வாடகை வீட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியமும் அத்தையின் முழங்கால் சௌக்கியமும் அறிய ஆவல்.

மாமா, வீடு முடிந்துவிட்டது! பெயிண்ட் வாசனை போக வேண்டியதுதான் பாக்கி. "இந்த மாசத்துக்குள்ள முடியலைன்னா பீரோ, தையல் மெஷின், அத்தை எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துடுவோம் மாப்ள" என்று நீங்கள் போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நீங்கள் வருவதில் சந்தோஷம்தான். பீரோதான் எங்கள் வாசலில் நுழையாது. கல்யாணத்தன்றே என் காதுபட, "இவன் ஆரம்பிப்பான், முடிக்க மாட்டான்" என்று உங்கள் தம்பியிடம் சொன்னீர்களே, அவரையும் கையோடு கூட்டி வாருங்கள்.

எப்படி முடித்தேன் என்று கேளுங்கள். கட்டட வேலைக்குச் செங்கல், மணலைவிட முக்கியம் கையில் காசு புழங்குவது. நீங்களோ பென்ஷன் வர வரக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பவர். அது கொத்தனார் கூலிக்குப் போனால் சிமென்ட் இருக்காது. சிமென்ட் வாங்கினால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைக் கெஞ்சிக் கூட்டி வருவதற்குள் மழை பெய்து சிமென்ட் கட்டிதட்டிவிடும். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே சிமென்ட் கடைக்காரர் ஷட்டரை இறக்க ஆரம்பித்தார். பக்கத்து மனையில் நான் கட்டும் கப்பல் இன்ஜினியர் வீட்டுக்கும் இதே கதி. இரண்டுக்கும் ஒரே வரைபடம்தான். தனியாக வரைய எதற்கு வீண் செலவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்! அவர் தாராளமானவர், ஆனால் நடுக்கடலில் இருக்கிறார். "தூண் எழும்பின படம் அனுப்புங்க, பணம் போடுறேன்" என்பார். பணம் வந்தாத்தானே தூண் எழும்பும்? தூண் எழும்பினாத்தானே படம்? படம் போனாத்தானே பணம்? உங்க வீடு தூணோட, அவர் வீடு அஸ்திவாரத்தோட அப்படியே நின்னுபோச்சு மாமா. வேற ஆளா இருந்தா ஊரை விட்டே ஓடியிருப்பான். நான் ஓடலை. உங்க வீட்டுத் தூணைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பணம் வந்துச்சு! அதுல உங்க கூரையைப் போட்டேன். கூரையைப் படம் எடுத்தேன், டைல்ஸ் வந்துச்சு. டைல்ஸைப் படம் எடுத்தேன், கதவு ஜன்னல் வந்துச்சு. கூலி கைமேல கிடைச்சதும் அதே கொத்தனார் விசிலடிச்சுக்கிட்டே வேலை பார்த்தார். கையில் காசிருந்தால் நான் எப்பேர்ப்பட்ட கான்ட்ராக்டர் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இன்ஜினியரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அவர் அடுத்த வருஷம்தான் கரைக்கு வருவார். அதற்குள் நீங்கள் தரவேண்டிய பாக்கியில் அவர் வீட்டை எழுப்பிவிடுவேன். நேற்று உங்கள் மகள் வந்து எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை மாமா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்திருக்கிறேன். லாரியை நேராக உங்கள் சொந்த வீட்டுக்கே விடச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் தம்பிக்கும் வணக்கம், கொஞ்சம் சத்தமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆரம்பித்ததை முடித்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது கொத்தனார் வந்தார். கப்பல் பழுதாம், இன்ஜினியர் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டாராம். போனிலிருந்த படத்தைக் காட்டி "இந்த வீடு எதுப்பா?" என்று கேட்டிருக்கிறார். கொத்தனார் படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்து, "இதேதான் சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஃபிரிட்ஜை உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் வீடு இனிமேல் பக்கத்து மனையில். அஸ்திவாரம் பிரமாதமாக இருக்கிறது. லாரியை எங்கள் வீட்டுக்கே விடச் சொல்லுங்கள் மாமா. வாசல் நிலையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், பீரோ நுழைந்துவிடும்.