செவிலிமேட்டு இடியம் பிரியர்

இங்கிலீஷில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேச வராது. ஆனால் ஒரு இங்கிலீஷ் இடியம் போடாமல் வாயை மூடவும் வராது. இப்படிப்பட்ட ஆசாமியை நீங்கள் பார்த்ததே இல்லையா? பார்க்காமல் எப்படி! ஊருக்கு ஒருவர் உண்டு. எங்கள் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு ஒருவர்.

உதாரணத்துக்கு, செவிலிமேட்டு பூவராகவன் சார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, பந்தியில் இலை விழுமுன் இவர் வாயிலிருந்து ஒரு இடியம் விழுந்துவிடும். புருஷனைப் பறிகொடுத்து அழுத தையல்நாயகி அம்மாளிடம் போய், "ப்ளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்மா" என்று தழுதழுத்தார். கெடுதல் வேஷத்தில் வந்த நல்லதாம்! நல்லவேளை, அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சாரின் சொந்த மருமகனுக்குத் தெரியும். அவரைச் சபை நடுவில் கட்டிக்கொண்டு, "மாப்பிள்ளைதான் எங்க குடும்பத்துக்கு லாஸ்ட் ஸ்ட்ரா" என்றார் சார். கடைசிப் பிடிமானம் என்று நினைப்பு. 'இதுக்கு மேல தாங்காதுடா சாமி' என்கிற இடத்தில் சொல்வதல்லவா அது! மருமகன் இன்றுவரை மாமனார் வீட்டுக் காபியைத் தொடுவதில்லை.

போன மாதம் வந்ததுதான் பெரிய வம்பு. ரேணுகாம்பாள் அக்காவின் சின்னப் பட்டுக்கடைக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர்: சிங்கப்பூர்க் கல்யாணம், கூறைப்புடவை தொடங்கி ஜவுளி முழுக்க. அதை நம்பித் தறிகளில் பாவு ஏற்றி, நெசவும் தொடங்கியாகிவிட்டது. பெண்ணின் அம்மா கிருஷ்ணவேணி, சொன்ன தேதிக்கு அனுப்புவீர்களா என்று இங்கிலீஷில் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்.

"நல்லதா ஒரு பதில் போட்டுக் குடுங்க சார்" என்று, கடைக்கு வந்த பூவராகவன் சாரிடம் தன் போனை நீட்டினாள் அக்கா.

விடுவாரா? "வீ டெலிவர் ஆன் டைம், ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்று தட்டிவிட்டு, விளக்கமும் சொன்னார். "ப்ளூ மூன்னா பௌர்ணமிமா. மாசா மாசம் தவறாம வந்துக்கினு இருக்குது பாரு, அந்த மாதிரி!"

உடனே போன் அலறியது. எடுத்தால், சுத்தமான நம்மூர்த் தமிழ்.

"என்னம்மா இது, அத்திவரதர் கணக்கா நாப்பது வருஷத்துக்கு ஒரு தபாதான் சொன்ன தேதிக்கு அனுப்புவீங்களா? எம் பொண்ணு முகூர்த்தத்துல என்னத்தக் கட்டிக்கினு உக்காருவா? ஆர்டரே வேணாம், வுடுங்க!"

அக்கா பதறிப்போனாள். "ஐயோ, உங்களுக்குத் தமிழ் தெரியுமாமா?"

"எனக்கும் காஞ்சிபுரம் ஓரிக்கைதான்!"

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா! இந்தா, வீடியோல பாரும்மா, உம் பொண்ணு பொடவ தறியில ஓடிக்கினு இருக்குது. முகூர்த்தத்துக்கு முந்தியே வந்துரும். அந்த வரதர் மேல சத்தியம்!"

ஆர்டர் பிழைத்தது. சார் மூஞ்சி தொங்கியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாத்தியா, என் ஒத்த வரிக்கு சிங்கப்பூரே கூப்ட்டுப் பேசுது!" இன்னொரு வரி தட்ட அவர் போனை எடுக்க, அக்கா அதைப் பிடுங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி. அப்புறம் ஏன் மெதுவாகப் போனை எடுக்கிறீர்கள்? நேற்று ஆபீஸ் குரூப்பில் மேனேஜருக்கு இடியம் வைத்து ஒரு வாழ்த்துப் போட்டீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று தேடவா? தேடுங்கள், தேடுங்கள். அவர் படித்துவிட்டார் என்று நீல டிக் விழுந்து வெகு நேரமாகிறது.