அரை அந்தர் கல்லும் ஆசைக் கல்யாணமும்

சின்னக் கல்லை விட்டுப் பெரிய கல்லுக்கு எப்போது போகலாம் என்று என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. கண்டியில் இந்த விஷயத்தில் என்னைவிடத் தவறாக முடிவெடுத்தவன் இன்னொருவன் பிறந்திருப்பான் என்று நான் நம்பவில்லை.

அப்போது நான் ஒரு கோப்பி ஸ்டோரில் கணக்கப்பிள்ளை. மலையிலிருந்து வரும் கோப்பி மூட்டைகளை எடை பார்க்க எங்களிடம் வளையம் வைத்த இரும்புக் கற்கள் இருந்தன. சின்னது கால் அந்தர், இருபத்தெட்டு ராத்தல். பெரியது அரை அந்தர், அதாவது சரியாக இரண்டு மடங்கு. எடை பார்ப்பதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

தெல்தோட்டைக் கோயில் திருவிழாவில் ஒரு கங்காணியின் இளைய மகளைப் பார்த்தேன். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தரகரும் போய்ப் பேசினார். பெண்ணின் அத்தை என்னைச் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "பையன் நல்லவனாத்தான் தெரியுறான். காத்தடிச்சா மட்டும் யாராச்சும் புடிச்சுக்கணும்" என்றாளாம். தரகர் அதை ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்தார். (இப்படிப்பட்ட சேதிகளை மட்டும் இவர்கள் மறப்பதே இல்லை.)

மறுநாளே உடம்பு தேற்றக் கிளம்பிவிட்டேன். எனக்கு வழிகாட்டி காசிம். அக்குறணைக்காரன், பொதிமாடுகளில் கோப்பி கொண்டுவருபவன், என் வயதுதான். தன் முறை வரும்வரை அவன் சும்மா நிற்கமாட்டான். கல்லின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நெஞ்சளவுக்கு வீசுவான். நானும் விடியற்காலையில் வேட்டியைக் களைந்து வைத்துவிட்டு, கோவணத்தோடு கால் அந்தரை வீசப் பழகினேன். கொஞ்ச நாளிலேயே புஜத்தில் ஏதோ முளைத்தது போல் இருந்தது. (பின்னால் பார்த்தால் அது கொசுக்கடி.)

"பெரிய கல்லுக்கு எப்பப் போகலாம்?" என்று கேட்டேன்.

"சின்னக் கல்ல வீசிக்கொண்டே என்னோட கதைக்க ஏலுமெண்டா போ. மூச்சு வாங்கினா போகாத" என்றான் காசிம்.

உடனே வீசிக்கொண்டே, "நான்... நல்லா... இருக்கேன்" என்றேன்.

"நீ கதைக்கிற இல்ல மச்சான், முனங்குற."

இதற்குள், பெண்ணின் அப்பாவும் அத்தையும் ஸ்டோருக்கே வந்து என்னைப் பார்க்கப் போவதாகச் சேதி வந்தது. கால் அந்தரோடு நின்றால் அத்தை என்ன நினைப்பாள்? அன்றைக்கே பெரிய கல்லுக்கு மாறுவது என்று தீர்மானித்தேன். காசிம் தலையில் அடித்துக்கொண்டான். பொறாமை என்று நினைத்தேன்.

அவர்கள் வாசலில் தெரிந்ததும், தினமும் செய்கிற வேலை போல, கோப்பி காயும் களத்துக்கு நடுவே போய் நின்றேன். கஞ்சி போட்ட புது வேட்டி கட்டியிருந்தேன். வேட்டியோடு ஒருநாளாவது பழகியிருக்கிறேனா என்று யோசிக்கிற அளவுக்கு அன்று எனக்கு மூளை இல்லை.

அரை அந்தரைத் தூக்கினேன். முதல் வீச்சில் தொப்புள் வரை வந்தது. திரும்பிப் போகும்போது வேட்டியின் முன்மடிப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு கால்களுக்கு நடுவே போனது. நானும் பின்னாலேயே போனேன். கண்ணைத் திறந்தபோது கோப்பிக்கொட்டைமேல் மல்லாந்து கிடந்தேன். கல் ஒருபக்கம் கிடந்தது. வேட்டி கல்லோடு கிடந்தது. கோவணம் மட்டும் என்னைக் கைவிடவில்லை. கொட்டை பொறுக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். காசிம் ஓடிவந்து ஒரு வெறுஞ்சாக்கை என்மேல் போட்டான். சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்து, மாமனாராக வேண்டியவரைக் கும்பிட்டேன்.

"கையி காலு நல்லாருக்கா தம்பி?" என்றார் கங்காணி. அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. எல்லாம் போயிற்று, அவள் இனி வேறு யாருக்கோ என்று எனக்கு அழுகை முட்டியது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, இந்த எடத்தையே முடிச்சிருங்க."

"என்னா புள்ள சொல்ற?"

"மூத்தவளுக்கு நல்ல பலசாலியாப் பாத்துத்தானே குடுத்தீங்க? வீங்குன மூஞ்சியோட அவ வந்து நிக்கிறப்பல்லாம் நம்ம வயிறு எரியலையா? இந்தப் புள்ள கைய ஓங்குனா அதுவே விழுந்துரும்."

கங்காணி கீழே பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்தையே அதட்டுகிற மனிதர், அன்று மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் அவமானம் எனக்கு மறந்தே போனது. அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கடைசியில், "வெத்தல மாத்திக்குவோம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. இப்போது எங்கள் மகளுக்கு வரன் பார்க்கிறோம். போன வாரம் ஒரு தரகர் வந்து, "பையன் சும்மா இரும்பு மாதிரி இருப்பான்" என்று அளந்தார்.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இரும்பெல்லாம் நமக்கு வேணாங்க. இவரு மாதிரி, நிக்க வச்சா விழுற பையனா இருந்தாப் பாருங்க" என்றாள்.