முதுகில் அப்பா பெயர்

தன் பெயரை மகளின் முதுகில் பார்த்ததிலிருந்து இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை.

சர்வதேச உள்ளரங்க வில்வித்தைப் போட்டி. முப்பது நாட்டு வீராங்கனைகள் வரிசையாக நின்றார்கள், ஒவ்வொருத்தி முதுகிலும் குடும்பப் பெயர். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்பதால் கோச் அதில் அப்பா பெயரை நிரப்பிவிட்டார். மகளின் சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா பெயர் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை கம்பீரமாக நின்றது. ஸ்கோர் போர்டிலும் அதுதான், ஒலிபெருக்கியிலும் அதுதான்.

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. கடைகளில் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து ஓய்வுபெற்றவர். போலீஸ் என்று யாராவது நினைத்துக்கொண்டால் திருத்தியதும் இல்லை. முப்பது வருஷ சர்வீஸில் அவர் பெயரை ஒருவரும் மைக்கில் சொன்னதில்லை. இப்போது சொல்லப் போகிறார்கள். நேரடி ஒளிபரப்பைப் பார்க்கச் சொல்லி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தகவல் அனுப்பினார். பெண் கொடுத்த நாளிலிருந்து தன்னை 'எடைக்கல் மாப்பிள்ளை' என்றே கூப்பிடும் மாமனாருக்கு மட்டும் இரண்டு தடவை அனுப்பினார்.

"ஏங்க, அம்பு விடப் போறது அவ. நீங்க எதுக்குச் சட்டையை இழுத்து விட்டுக்கறீங்க?" என்றாள் மனைவி.

காலையில் தகுதிச் சுற்று. மூன்று மூன்று அம்பாக இருபது தடவை. முதல் முப்பத்திரண்டு பேருக்குள் வந்தால்தான் பிற்பகல் ஆட முடியும். பயிற்சியில் பத்துக்குமேல் பத்தாக அடுக்குகிறவள் மகள்.

முதல் அம்பு ஆறு. இரண்டாவது பக்கத்து இலக்கில் போய்க் குத்தியது. மூன்றாவது எந்த இலக்கையும் தொந்தரவு செய்யாமல் பின்னால் தொங்கிய வலையில் விழுந்தது. பக்கத்து இலக்குக்காரி, ஆறடி உயரப் பெண், தன்னிடம் வந்த அம்பைப் பிடுங்கி இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒலிபெருக்கி இன்ஸ்பெக்டரின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, "ஆறு, பூஜ்யம், பூஜ்யம். கடைசி இடம்" என்றது.

உடனே அண்ணன் போனில் வந்தார்.

"என்னடா தம்பி, ரெண்டு பூஜ்யம் வாங்கினியாமே?"

"நான் இல்லண்ணே, பொண்ணு."

"போர்டுல உன் பேருதான்டா இருக்கு."

அடுத்த மூன்று அம்பும் அதே லட்சணம். ஒலிபெருக்கி இந்தத் தடவை அவர் பெயரை இன்னும் தெளிவாக உச்சரித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து பதிவு மேஜைக்கு விரைந்தார். அங்கே கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். குடும்பப் பெயர் என்றால் பரம்பரையின் மூத்தவர் பெயராக இருப்பதே முறை என்று அவளுக்கு விளக்கிவிட்டு, காலஞ்சென்ற தன் தகப்பனார் பெயரை எழுதிக் கொடுத்தார். அவள் மறுபேச்சில்லாமல் தட்டினாள்.

கம்ப்யூட்டரோ முதல் அம்பிலிருந்தே பெயரை மாற்றிவிட்டது. எல்லாப் பூஜ்யமும் மொத்தமாகப் பெரியவர் தலையில் விழுந்தது.

"நம்ம அப்பா போய் இருபது வருஷம் ஆச்சு. அவரை எதுக்குடா கூட்டிட்டு வந்து கடைசி இடத்துல நிறுத்தி வச்சிருக்கே?" என்றார் அண்ணன். இனி நல்லது கெட்டது எதற்கும் உன் வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. மகளுடைய அம்மாவைப் பெற்றவரும் குடும்பம்தானே. மறுபடி மேஜைக்குப் போய், மாமனாரின் பெயரை இனிஷியலோடு, ஓர் எழுத்தும் விட்டுப்போகாமல் எழுதினார். வாழ்நாளில் அவர் கையெழுத்து அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்.

பத்து. பத்து. பத்து.

அடுத்த தடவையும் அப்படியே. கடைசி இடத்தில் கிடந்த மாமனார் எண்பதுக்கு ஏறினார், ஐம்பதுக்கு ஏறினார், முப்பத்தோராவது ஆளாகத் தகுதி பெற்றார். பிற்பகலில் போன வருஷ சாம்பியனை வீட்டுக்கு அனுப்பினார். அரையிறுதியில் ஆறடிப் பெண்ணையும் அனுப்பினார். அரங்கமே கைதட்டி மாமனார் பெயரைக் கோஷம் போட்டது.

"எங்கப்பா பேரை எவ்வளவு லட்சணமா சொல்றாங்க, பார்த்தீங்களா?" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமனாரே போன் செய்தார். "எடைக்கல் மாப்பிள்ளை, நான் கட்டில்ல படுத்துக்கிட்டே ஜெயிச்சிட்டிருக்கேன். நீங்க அங்க என்ன பண்றீங்க?"

இறுதிப் போட்டிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மாமனார் பெயரில் தங்கம் வந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் அந்த வீட்டில் நிமிர்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் ஓடினார்.

"அம்மா, ஒரு சின்னப் பிழை. என் பேரையே மறுபடி போட்டுடுங்க."

பெண்மணி கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள்.

"வேணாம் சார். 'அப்பா பேரை மைக்ல கேட்டாலே எனக்குக் கை விறைச்சுப் போகுது, நானா எடுக்கச் சொன்னா அவர் மனசு உடைஞ்சிடும், அதனால முதல் ஆறு அம்பை வீணாக்குறேன், அவரே ஓடி வந்து எடுத்துடுவாரு'ன்னு உங்க பொண்ணு காலையிலயே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வில்லைக் கையில எடுத்தாங்க."