தரையிலிருந்து எழுந்திருத்தல் தொடர்பாக

வேங்கிக்கால்,
ஐப்பசி 5, புதன்கிழமை.

அன்பு மகன் இனியனுக்கு,

அம்மா கஸ்தூரி எழுதுவது. இங்கே நான், வீடு, முருங்கை மரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் நலம். அங்கே நீ, ரேவதி, உங்கள் ஒன்பதாவது மாடி எல்லாம் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். பொருள்: நான் பெங்களூருக்கு வர மறுப்பது. பார்வை: ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய நான்கு நிமிடக் குரல் பதிவு. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றத மொதல்ல கேளு"ன்னு ஆரம்பிச்சிடுற. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முப்பத்தொரு வருஷம் கலெக்டர் ஆபீசில் கோப்பு எழுதி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். முழுசாகப் படி.

ஆடி வெள்ளியன்று மாவிளக்குக்கு மாவு பிசையத் தரையில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தது உண்மை. மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு ராமதாஸ், பஸ் டிரைவராக இருந்தவர், என் சத்தம் கேட்டு வந்து தூக்கப்போய் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சம்சாரம் வந்து இரண்டு பேரையும் எழுப்பினாள். இதை உன்னிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. மறுநாளே "கார்த்திகை தீபத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணிட்டு வந்துடு" என்றாய். அதோடு விட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நெட்டில் வாடகை விளம்பரம் வேறு போட்டாய். நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் உள்ளே வந்து சமையலறை அலமாரியை டேப் வைத்து அளக்கிறது. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து "நீங்க எப்பம்மா போறீங்க?"ன்னு கேக்கறா. எனக்கு வயிறு எரிஞ்சி போச்சி. இந்த வீடு கட்டும்போது சுவருக்கு நாற்பது நாள் காலையும் மாலையும் தண்ணி பிடிச்சவ நான். நான் போறதுக்கு முன்னாடியே அலமாரிய அளக்கறாங்க. அன்றைக்குத்தான் உன்னிடம் பந்தயம் கட்டினேன். உன் கண் முன்னால், யாரையும் எதையும் பிடிக்காமல், தரையிலிருந்து பத்து முறை எழுந்து காட்டினால் நீ பெங்களூர் பேச்சையே எடுக்கக் கூடாது. "பத்தா? ஒண்ணு பண்ணும்மா பாக்கலாம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

டாக்டரிடம் போனேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறேனே என்றேன். "சுத்துங்க. ஆனா நடக்கறது வேற, எழுந்துக்கறது வேற. தொடையில பலமே இல்ல. இந்த வயசுலதான் எடை தூக்கணும்" என்றார். பேக்கரிக்கு மேலே ஒரு ஜிம் இருக்கிறதே, அங்கே போனேன். ஏறும் படிக்குக் கைப்பிடி கிடையாது. உள்ளே உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இருப்பதிலேயே சின்ன டம்பெல் ஐந்து கிலோ. பாட்டுச் சத்தத்தில் என் கண்ணாடியே அதிர்ந்தது. நடத்துகிறவன் வல்லரசு, கீழ்பென்னாத்தூர் பையன், கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் தள்ளியே தொங்கும். "ஆன்ட்டி, யாரையாவது கூப்ட வந்தீங்களா?" என்றான். "சேர வந்தேன்" என்றேன். சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்லவன். மறுநாளே தேவைப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு கிலோவிலிருந்து அரை அரை கிலோவாக ஏறும் டம்பெல், கை வைக்காத உறுதியான நாற்காலி, சுவர் ஓரமாகப் பிடிக்கக் கம்பி, வழுக்காத ரப்பர் பாய், கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எடை. "ஒரு கிலோ டம்பெல் வாங்கி வச்சா பசங்க சிரிப்பாங்க ஆன்ட்டி" என்றான். சிரிக்கிறவனுக்கும் அறுபது வயசு வரும்டா என்றேன். பகல் பத்து மணிக்கு மேல் உன் ஜிம்மில் ஈ ஓட்டுகிறாயே, அந்த நேரத்துக்குப் பென்ஷன்காரர்கள் பதினெட்டு பேரைக் கூட்டி வருகிறேன் என்றும் சொன்னேன். கம்பி மறுவாரமே சுவருக்கு வந்துவிட்டது.

முதல் நாள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கிழக்கு பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தோம். ஷூ போட்டுத்தான் வரணும் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். காலால் தள்ளுகிற மெஷின் ஒன்று உண்டு, அதன் சீட் தரையோடு தரையாக இருக்கும். ராமதாஸ் பஸ் சீட் என்று நினைத்து ஜம்மென்று உட்கார்ந்தார். நாலு பேர் இழுத்துத்தான் வெளியே வந்தார். "மேடம், இதுல ஏறத் தெரிஞ்சா போதாது, எறங்கவும் வழி வேணும்" என்றார். சீட்டை ஒரு முழம் உயர்த்தச் சொல்லி அதற்கும் ஒரு மனு கொடுத்தேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை. ஆபீசில் டைப்ரைட்டரிலிருந்து ஜீப் வரை நான்தானே சந்தனம் வைப்பேன், அந்தப் பழக்கத்தில் ஜிம்மிலும் ஒரு எடைத் தட்டு விடாமல் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துவிட்டேன். எடை எழுதியிருந்ததெல்லாம் பட்டைக்கு அடியில் போய்விட்டது. அந்தத் தட்டுகளெல்லாம் ஒரே அகலம் வேறு. மறுநாள் விஜயதசமி, நல்ல நாளில் ஆளுக்கு ஒரு தடவையாவது தூக்க வேண்டும். சாமிக்கு வைத்த குங்குமத்தை யார் துடைப்பது? வல்லரசு சுண்டல் வாங்கக் கீழே போயிருந்தான். ராமதாஸ் இரண்டு தட்டைத் தேர்ந்தெடுத்து, கையால் தூக்காமல் ஸ்டெப்னி டயர் மாதிரி உருட்டிக்கொண்டே வந்து எடை தூக்கும் கம்பியில் மாட்டினார். உருட்டினால் எடை எப்படித் தெரியும்? வழக்கமான இருபது கிலோதான் என்று நினைத்து, குனிந்து, முதுகை நேராக வைத்து, தூக்கிவிட்டேன். என்னடா இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதேன்னு மட்டும் தோணிச்சி. சுண்டலோடு உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். "ஆன்ட்டி, மெதுவா கீழ வைங்க. அது நாப்பது" என்றான். மெதுவாகத்தான் வைத்தேன். பிறகு சுண்டல் சாப்பிட்டேன்.

ஆகவே இனியா, தெரிவிப்பது என்னவென்றால், நேற்று தரையிலிருந்து பதினான்கு முறை எழுந்தேன். பத்து உனக்கு, நான்கு அந்த அலமாரி அளந்த பொண்ணுக்கு. ராமதாஸும் வல்லரசும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாளும், வீடியோவும் இருக்கின்றன. நான் பெங்களூருக்கு வரமாட்டேன். தீபத்துக்கும் வரமாட்டேன், பொங்கலுக்கும் வரமாட்டேன், லிப்டில் ஏறி இறங்கிச் சாக எனக்கு இஷ்டமில்லை. விளம்பரத்தை இன்றே எடுத்துவிடு. இது இறுதி உத்தரவு, மேல்முறையீடு கிடையாது.

நீயும் ரேவதியும் நூறாண்டு நோய்நொடி இல்லாமல், சொந்தக் காலில் நின்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கஸ்தூரி.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ரேவதி போன் செய்தாள். பால்கனியில் நின்று ரகசியமாகப் பேசினாள். "அத்தை, சனிக்கிழம இவரு தண்ணி கேன் மாத்தறேன்னு தூக்கி இடுப்பு புடிச்சிகிச்சி. தரையில பாய் போட்டுப் படுத்துனு கெடக்கறாரு. நானும் வாட்ச்மேனும் சேந்துதான் எழுப்பறோம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள். தனியா இருந்து விழுந்தா யாரும்மா உன்னத் தூக்குவாங்கன்னு நான்கு நிமிஷம் கேட்டியே, அதையும் படுத்துக்கொண்டேதான் பேசினாயாம். முப்பத்தாறு வயசு. இருபது லிட்டர் கேன். நான் தூக்கியதில் பாதி. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மேலே கண்ட உத்தரவு ரத்து. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வல்லரசு ஒரு கிலோ டம்பெல் ஒரு ஜோடி கொடுத்திருக்கிறான், உனக்கு அதுதான் சரி என்றான். கடிதத்தையும் கையோடு கொண்டு வருகிறேன், படுத்துக்கொண்டே படி. நீ யாரையும் எதையும் பிடிக்காமல் பத்து முறை எழுந்த மறுநாள் நான் ஊருக்குத் திரும்பிவிடுவேன். தீபத்துக்குள் எழ முடியவில்லை என்றால் நீ இங்கே வந்துவிடு, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் பிளாட்டுக்கு வாடகை விளம்பரம் நான் எழுதித் தருகிறேன்.