பத்தொன்பதாம் எண் இரும்பு வீட்டின் மரணச் சான்றிதழ்

மனித குலம் இதுவரை எட்டிய சிகரங்களில் மிக உயரமானது எது என்று என்னைக் கேட்டால், நிலவில் கால் வைத்ததைச் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டைப் பார்க்காமலே அதைப் பற்றி நாற்பத்திரண்டு பக்கம் எழுதும் கலையைத்தான் சொல்வேன். அந்தக் கலை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், எங்கள் தெருவில், என் கண்ணெதிரே நிகழ்ந்தது. நான் கொடுத்து வைத்தவன்.

எங்கள் தெருவில் எல்லாமே இரும்பு வீடுகள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குக் குடியிருக்க இடமில்லாமல் போனபோது, 1946இல் அவசர அவசரமாக இரும்புச் சட்டத்தை நிறுத்தி, போல்ட்டை முடுக்கி, மாடிக்கு வரிவரியான தகடு போர்த்தி எழுப்பியவை. இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும். பதினேழாம் எண்ணில் நான். பத்தொன்பதில் திருமதி ஹிபர்ட். இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே கூரை. என் சமையலறைத் தூணில் நான் கரண்டியால் தட்டினால் அவர் வீட்டுக் கோப்பைகள் கிணுகிணுக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இது ஒரு முக்கியமான பணி.

திருமதி ஹிபர்ட் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி வீட்டை விற்பனைக்கு விட்டார். வாங்க வந்தவர்கள் பேருந்து ஓட்டும் ஜோயலும், பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் அவன் மனைவி டாம்சினும். வாடகைக்கு இருந்த இடத்தைக் காலி செய்ய அவர்களுக்கு இரண்டு மாதக் கெடு. மகளின் பள்ளிக்கூடம் எங்கள் தெருக்கோடியில்.

"நாலு மாசமா பாக்குறோம் வில்ஃப். நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுற வீடு இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா ஊரை விட்டே போகணும்," என்றாள் டாம்சின்.

"நீ கவலப்படாத கண்ணு. எங்கப்பா இரும்பாலையில அடிச்ச தகடு இது. யானை வந்து சாஞ்சாலும் நிக்கும்," என்றேன். எங்கள் ஊரில் யானை கிடையாது என்பதால் இதை யாரும் மறுக்க முடியாது.

அவர்கள் வீட்டுக் கடன் கேட்டிருந்த சங்கம் தன் ஆய்வாளரை அனுப்பியது. சங்கத்தின் பெயர் வேண்டாம், பெரிய இடம். ஆய்வாளர் பெயர் ஹார்ஸ்ஃபால். டார்ச், மடக்கு ஏணி, ஈரம் அளக்கும் கருவி, ஒரு காந்தம் ஆகிய நால்வகைப் படையோடு வந்து இறங்கினார். காலணிக்கு நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, அறுவை சிகிச்சை நடக்கப் போகிறது என்று நினைத்து நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

முதலில் சுவரில் காந்தத்தை வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க இரண்டு கையும் தேவைப்பட்டன. குறிப்பேட்டில் எழுதினார்: "உலோகம் இருக்கக்கூடும் என ஐயம்."

"ஐயமே வேணாம் சார். தெருவே இரும்புதான்," என்றேன்.

"நீங்க யாரு?"

"பக்கத்து வீடு."

"அப்போ இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத சொத்து."

கம்பளத்தின் ஓரத்தை டாம்சின் தூக்கிக் காட்டப் போனாள். அவர் பதறிப்போனார்.

"தூக்காதீங்கம்மா. மூடியிருக்கறத நாங்க பாக்கக் கூடாது."

"நானே தொறந்து காட்டுறேனே?"

"காட்டினா பாத்த மாதிரி ஆயிடும். அப்புறம் நான் பொறுப்பு."

பரண் கதவு பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்தது. "திறக்க இயலவில்லை" என்று எழுதினார். முயன்றதாகத் தெரியவில்லை, ஆனால் எழுத்து அழகாக இருந்தது.

"என் பரணுக்கு வாங்க சார். நடுவுல வெறும் பலகைதான். இந்தப் பக்கச் சட்டம் மொத்தமும் அங்கேருந்து தெரியும். ஒரு பொட்டு துரு கிடையாது," என்றேன்.

"அது வேற வீடு சார்."

"சட்டம் ஒண்ணுதானே? 1983ல இதே சங்கம்தான் எனக்குக் கடன் குடுத்துச்சு. கட்டியும் முடிச்சாச்சு."

"அது அப்போ," என்றார். இதைவிடச் சுருக்கமான தொழில்நுட்ப விளக்கத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

நான் வீட்டுக்குப் போய் சட்டம் ஒன்றுதான் என்பதை நிரூபிக்கும் நோக்கத்துடன் கரண்டியால் ஒன்பது முறை தட்டினேன்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். "பார்க்க இயலவில்லை" என்பது முப்பத்தொரு இடத்தில் இருந்தது. பார்க்க இயலாதவையெல்லாம் "மோசமாக இருக்கலாம்." இந்த வகை வீட்டின் ஆயுள் அறுபது ஆண்டு, எனவே இது 2006லேயே முடிந்துவிட்டது. ஆக, இந்த 2014 வரை எட்டு வருடமாகத் திருமதி ஹிபர்ட் ஒரு சடலத்துக்குள் இருந்து ஜன்னல் துடைத்திருக்கிறார். இருபத்தேழாம் பக்கத்தில் நானும் இருந்தேன்: "அடுத்த வீட்டில் ஓசை எழுப்பும் முதியவர், கட்டடத்துக்கு அதிர்வு அபாயம்." முடிவு: கடனுக்குத் தகுதியற்றது.

டாம்சின் அந்தக் கடைசிப் பக்கத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜோயல் சுவரைத் தட்டிப் பார்த்தான். என் வீட்டுக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

அடுத்த வாரம் வெள்ளைக் காரில் கிராண்ட்லி என்பவர் வந்தார். கையில் முழுத்தொகை. வாசலில் நின்றபடியே விலை பேசிவிட்டார்.

"சர்வே பண்ண வேணாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நானா இங்க தங்கப் போறேன்?"

அவருக்கு ஏற்கெனவே பதினொரு வீடுகள். அவற்றைக் காட்டித்தான் இந்தத் தொகையைக் கடனாகப் பெற்றாராம். எந்தச் சங்கத்தில் என்று விசாரித்தேன். அதே சங்கம். பதினொரு வீடு உள்ளவர் பன்னிரண்டாவது இல்லாமல் தவிக்கக் கூடாது என்ற கருணை.

ஜோயலின் கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்பு கிராண்ட்லி வீட்டை வாடகைக்கு விட்டார். வாடகை, ஜோயல் கட்டியிருக்க வேண்டிய தவணையைவிட அதிகம். குடிவந்தவர்கள் ஜோயலும் டாம்சினும்.

நான் சங்கத்துக்கு நன்றி சொல்ல நேரில் போனேன். அந்த மாளிகை முழுக்க முழுக்க இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்தது. வரவேற்பறைத் தூணைத் தட்டிப் பார்த்தேன், நல்ல நாதம். மேலாளரம்மா இனிமையாகப் பேசினார்.

"அவங்க நல்லதுக்குத்தான் சார் மறுத்தோம். நாளைக்கே அந்த வீடு விழுந்துட்டா பாவம், அவங்க கதி என்ன?"

"அவங்க அந்த வீட்டுக்குள்ளதாம்மா இருக்காங்க."

"வாடகைக்குத்தானே?" என்றார் நிம்மதியாக.

அப்போதுதான் அந்தச் சங்கத்தின் தொலைநோக்கு எனக்கு முழுதாக விளங்கியது. என்றைக்காவது அந்தக் கூரை விழுந்தால் ஜோயல், டாம்சின், அவர்கள் மகள் ஆகிய மூவர் தலையிலும்தான் விழும். ஆனால் ஒருபோதும் அது அவர்களுடைய கூரையாக விழாது.