இருபத்தேழாம் டோக்கனின் இடுப்பு

"இதைக் கொஞ்சம் பிடிங்க. நாலு எட்டுக்கு இது எதுக்கு?" என்று வாக்கரையும் ஃபைலையும் கணவர் கையில் திணித்துவிட்டு மனைவி பாத்ரூமுக்குப் போனாள். மாஸ்டருக்கு வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாஸ்டர் ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர். மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகிறது. இன்றைக்குத்தான் முதல் செக்கப். மாடி ஏறலாம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இரண்டாம் மாடியிலிருக்கும் சொந்த வீட்டுக்கே திரும்பிவிடலாம். இத்தனை நாளாக மகள் வீட்டு ஹால் சோபாதான் அவருக்குக் கட்டில். அதில் படுத்துப் படுத்தே நடை கோணிப்போய்விட்டது என்று மகளிடம் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்தேழாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். மனைவியைக் காணோம். முறை போய்விடுமே என்று வாக்கரைத் தூக்கிக்கொண்டு நர்சிடம் விந்தி விந்தி ஓடினார்.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாக்கரை ஊன்றி நடக்கணும் ஐயா, தூக்கிட்டு ஓடக் கூடாது" என்று அதட்டி, வீல்சேரில் உட்கார வைத்தாள்.

தான் பேஷன்ட் இல்லை, மனைவிதான் பேஷன்ட் என்று மாஸ்டர் விளக்கினார். எக்ஸ்ரே என்றாலே ஆம்பிளைகள் பெண்டாட்டியைக் கைகாட்டுவது வழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியைத் தள்ளினாள். அங்கே டோக்கன் நம்பரைத்தான் பார்ப்பார்கள், ஆளை யாரும் பார்ப்பதில்லை.

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா நடந்து காட்டறேன்" என்று எழுந்து வராந்தாவின் கோடிவரை நடந்து காட்டினார். எதிரே வந்த பிசியோதெரபிஸ்ட் பதறிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆறு வாரத்துக்கு இந்த நடை கொஞ்சமும் சரியில்லை, உடனே படம் எடுங்கள் என்றான்.

எக்ஸ்ரே மேசையில் மல்லாந்து கிடந்தபோது, ஆபரேஷன் யாருக்குத்தான் நடந்தது என்று மாஸ்டருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது.

படத்தைப் பார்த்த டெக்னீஷியனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சிஸ்டர், உள்ள வெச்ச மூட்டு இல்லவே இல்லை."

நர்ஸ் ஃபைலில் ஆபரேஷன் பக்கத்தைப் புரட்டினாள். வலது பக்கம் வைத்ததாகத் தெளிவாக எழுதியிருந்தது. இடது பக்கத்தையும் படம் எடுத்தார்கள். அங்கேயும் இல்லை. கழன்று கீழே இறங்கியிருக்குமோ என்று முழங்கால்வரை தேடினார்கள். மாஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் ஓடி வந்தார். அவர் பின்னாலேயே மனைவியும் விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"என்னங்க, ஊரெல்லாம் தேடறேன். இங்க வந்து படுத்திருக்கீங்க?"

விஷயம் விளங்கியதும் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸ் மன்னிப்புக் கேட்டாள். மாஸ்டரும் பெரிய மனது பண்ணி மன்னித்தார். மனைவிக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இன்றைக்கே வீட்டுக்குப் போய் மாடி ஏறலாமா என்று ஆசையோடு கேட்டார்.

டாக்டர் மனைவியின் படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாஸ்டரின் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதை வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா தாராளமா மாடி ஏறலாம். நீங்க இங்கயே இருங்க ஐயா, மூட்டு மாத்த வேண்டியது உங்களுக்குத்தான்."