சமச்சீர் கெடாத அரண்மனை

உலகத்தில் அரண்மனை கட்டியவர்கள் ஏராளம். அரண்மனையைத் 'திருத்திய' மகான் ஒருவர்தான்: லெனின்கிராடு ஓவியர் அவெனீர் லூகிச். செங்கல் செய்த தவறை அவருடைய தூரிகை ஒருநாளும் மன்னித்ததில்லை.

ஆற்றங்கரையில் ஓர் இளவரசரின் பழைய அரண்மனை. இப்போது அதில் நாற்பது குடும்பங்கள். புரட்சிக்குப் பிறகு யாரோ முன்சுவரை உடைத்து, இடக்கோடியில் ஒன்றும் வலக்கோடியில் ஒன்றுமாக இரண்டு புது ஜன்னல் வைத்துவிட்டார்கள். இடப்பக்கத்து ஜன்னல் டிராம் ஓட்டும் கிளாவ்தியாவுடையது. குளிர்காலம் வந்தால், கெடாமல் இருக்கட்டும் என்று கோழியையும் வெண்ணெயையும் வலைப்பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவாள். இரட்டைத் தூணுக்குப் பக்கத்தில் கோழியா! இரண்டு வருடத்துக்கு முன் அவெனீர் லூகிச் அந்த ஒரு ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு அரண்மனையை வரைந்தார்.

அரண்மனையின் அசல் வரைபடம் எப்போதோ எரிந்துபோயிருந்தது. ஆகவே அரண்மனையைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர அமைத்த முகப்பு மீட்புக் கமிட்டி ஏழு முறை கூடி, ஏழு முறை தேநீர் அருந்தி, அந்த ஓவியமே 'சரித்திர ஆதாரம்' என்று ஏகமனதாக முடிவு செய்தது. கிளாவ்தியாவின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அதற்கொரு விழா. "உண்மைக்கு வெளிச்சம் தேவையில்லை!" என்று முழங்கிய அவெனீர் லூகிச், பேச்சு முடிந்ததும் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார்.

இந்த வருடம் மறுபடி பாலத்தில் நின்று பார்த்தார். இடக்கோடியில் ஜன்னல் இல்லை. வலக்கோடியில் மட்டும் ஒன்று அசட்டுத்தனமாக விழித்துக்கொண்டிருந்தது. சமச்சீர் கெடலாமா? அதையும் விட்டுவிட்டு வரைந்தார். எந்த ஜன்னல் யார் வீட்டுடையது என்றா ஒரு கலைஞன் பார்ப்பான்?

ஓவியத்துக்குப் பதக்கம் கிடைத்தது. மறுநாள் காலை கமிட்டித் தலைவர் குர்தியூமொவ், இரண்டு கொத்தனார்களோடு அரண்மனையின் வலக்கோடியில் இருந்த அவர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஐயையோ, இது என் ஜன்னலாச்சே! இந்த வெளிச்சத்துலதானே நான் வரையறேன்!"

"ஓவியத்துல ஜன்னலே இல்லையே, அவெனீர் லூகிச்."

"நான்தாங்க விட்டுட்டேன், அழகுக்காக! அந்தப் படம் பொய்ங்க!"

குர்தியூமொவுக்கு முகம் சிவந்தது. "வாயை அடக்குங்க! பதக்கம் வாங்கின கலைஞரையா பொய்யர்ங்கறீங்க? அவரைப் பத்தித் தப்பாப் பேசினா, அது நீங்களே ஆனாலும் விடமாட்டோம்."

கொத்து வேலை படுசுத்தம். மதியத்துக்குள் அறை கும்மிருட்டானது. அவெனீர் லூகிச் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

கதவருகே கிளாவ்தியா, கையில் கோழிப்பையோடு.

"நீங்கதானே சொன்னீங்க, உண்மைக்கு வெளிச்சம் தேவையில்லைன்னு?" என்றாள். "அப்ப இருபது வருஷமா இந்த ஜன்னல் வெளிச்சத்துல என்னத்த வரைஞ்சிக்கிட்டிருந்தீங்க, அவெனீர் லூகிச்?"